குரூப் போட்டோவில் இருந்து பந்தி வரை: பள்ளிக்கூடச் சேக்காளிகளை மறுபடி கூட்டுவது எப்படி?

2011 மே மாதம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். 1986-ல் பத்தாம் வகுப்பு எழுதிய செட்டு, 25 வருஷம் கழித்து முதல் தடவையாகக் கூடியிருந்தோம். ஆளுக்கு ஒரு நிமிஷம் மைக். பெயர், வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பேங்க்காரன் பேசினான், துபாய்க்காரன் பேசினான், நானும் பேசினேன். அடுத்து, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவனுடைய முறை. சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு மஞ்சப் பை கிடந்தது. சாயங்காலம் பிரித்துப் பார்த்தால், கண்ணாடிச் சட்டம் போட்ட எங்கள் வகுப்பு குரூப் போட்டோ. வேறு ஒருத்தரிடமும் அது இல்லை.

அதற்குப் பிறகு மூன்று சந்திப்பு நடத்தியாயிற்று. கீழே எழுதியிருப்பதில் பாதி, அந்த மஞ்சப் பையைத் திருப்பிக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போன அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

முதலில் ஒரு நோட்டு

வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். குரூப்பில் ஆரம்பித்தால் ஏற்கெனவே தொடர்பில் இருக்கிற 15 பேர்தான் செட்டு என்று ஆகிவிடும். மிச்சப் பேரை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

எந்த செட்டு என்பதை முடிவு செய்வதிலேயே ஒரு சிக்கல் உண்டு. 1978-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது. அதற்கு முன்னால் படித்தவர்களுக்குப் பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி., அவர்களுக்குக் குழப்பம் இல்லை. பின்னால் வந்த நமக்குப் பத்தாம் வகுப்பு செட்டு வேறு, ப்ளஸ் டூ செட்டு வேறு. நடுவில் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று போனவர்கள் பலர்; மற்ற பள்ளிகளில் இருந்து ப்ளஸ் ஒன் வந்து சேர்ந்தவர்களும் பலர். என் கட்சி, பத்தாம் வகுப்பு. இன்னும் சரியாகச் சொன்னால் ஆறாம் வகுப்பு.

ஏன் ஆறாம் வகுப்பு? பரீட்சை எழுதியவர்கள் பட்டியலை மட்டும் வைத்தால், எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் நின்றுபோனவர்கள் விட்டுப்போவார்கள். நம் பக்கத்தில் அது சின்ன எண்ணிக்கை இல்லை. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பெரிய மனுஷி ஆனதும் புத்தகத்தை வைத்துவிட்டுப் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு வருஷம் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அவர் நம் செட்டுதான் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வாக்குவாதம் வராது.

பெயர்களை எங்கே எடுப்பது? குரூப் போட்டோவின் அடியில் அச்சடித்த பெயர்கள், ஆட்டோகிராப் நோட்டு, பிறகு பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. தலைமையாசிரியருக்கு முறையாக ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள்; பெரும்பாலும் உட்காரவைத்துக் காட்டுவார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், இந்த மூன்றை மட்டும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். அதில் சாதியும் இருக்கும். அது குரூப்புக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஊரும் பட்டப்பெயரும் கட்டாயம். எங்கள் வகுப்பில் மூன்று இசக்கிமுத்து, நான்கு முருகன். "எந்த இசக்கி?" என்று கேட்டால் பட்டப்பெயர் ஒன்றுதான் வழி. ஆனால் அது நோட்டோடு இருக்கட்டும். ஐம்பது வயசுக்காரரை அவர் மருமகன் முன்னால் "ஏலே சட்டித்தலையா" என்று கூப்பிட்டதில் எங்களுக்கு ஒரு ஆள் நஷ்டம்.

தேடுவது

1986-ல் எங்கள் எல்லாருக்கும் ஒரே மாவட்டம். அந்த வருஷம் அக்டோபரில் தூத்துக்குடி பிரிந்தது. பிறகு சிதம்பரனார் மாவட்டம், நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர்கள் இருந்து 1997-ல் போயின. 2019 நவம்பரில் தென்காசி தனியானது. ஆட்டோகிராப் நோட்டில் இருக்கிற முகவரியில் மாவட்டத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பின்கோடு இருந்தால் அதைப் பிடியுங்கள்: 627-ல் ஆரம்பித்தால் இன்றைய நெல்லை, தென்காசிப் பக்கம், 628 என்றால் தூத்துக்குடிப் பக்கம்.

அடுத்து நேரே ஊருக்குப் போவதுதான். ஃபேஸ்புக்கில் ஒரு வருஷம் தேடிக் கிடைக்காதவனை ஊர் முக்கு டீக்கடையில் பத்து நிமிஷத்தில் பிடித்திருக்கிறோம். "அவனா, மெட்ராஸ்ல மளிகைக் கடை வச்சிருக்காம்லா, அவன் அக்கா இங்கனதான் இருக்கு" என்று அடுத்த கண்ணியையும் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். அம்மன் கோயில் கொடை, சுடலைமாடன் கொடை என்று ஊர்க் கோயில் திருவிழா சமயத்தில் போனால் இன்னும் லேசு. தாராவியில் இருப்பவனும் திருப்பூரில் இருப்பவனும் அன்றைக்கு ஊரில்தான் நிற்பார்கள்.

பெண்களைத் தேடுவது தனி வேலை. கல்யாணமாகி இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், சிலருக்குக் கூப்பிடும் பெயரே மாறியிருக்கும். அம்மா வீட்டில், அண்ணன் தம்பியிடம் விசாரிக்க வேண்டும். விசாரிக்கப் போவது உடன் படித்த ஒரு பெண்ணாக இருக்கட்டும். "உன் கூடப் படிச்சவன்" என்று ஒரு ஆண்குரல் திடீரென்று போனில் வந்தால், அந்த வீட்டில் அன்று இரவு அவள் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. நம்பர் கிடைத்தாலும் அவளைக் கேட்காமல் குரூப்பில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. நம் ஊரில் "எந்தத் தெரு?" என்ற கேள்வி வெறும் முகவரிக் கேள்வி இல்லை. தேடும்போது அதைக் கேட்காமல் "எந்த ஸ்டாப்புல பஸ் ஏறுவான்?" என்று கேட்டே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

முதல் போன்

"யாருன்னு சொல்லு பாப்போம்!" இதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. எதிரே இருப்பவர் கடன்காரனா, இன்சூரன்ஸ்காரனா என்று யோசித்துக்கொண்டிருப்பார். நம் பெயரை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்:

"நான் இன்னார் பேசுதேன். எண்பத்தாறு செட்டு, பி செக்ஷன். ஒனக்குப் பின்னால ரெண்டாவது பெஞ்சு. கல்லிடையில இருந்து சைக்கிள்ல வருவேன்."

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஞாபகம் வந்தால் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்கும். வராவிட்டால் "பரவால்ல, நேர்ல பாத்தா தெரியும்" என்று நீங்களே முடித்து வையுங்கள். முதல் போனில் தேதியோ பணமோ பேச வேண்டாம். என்ன வேலை என்று கேட்கவே வேண்டாம். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

"வரல" என்று சொல்பவர்களிடம் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். நல்ல சட்டை இல்லை, பஸ்ஸுக்குக் காசில்லை, பிள்ளை கல்யாணம் தட்டிப்போகிறது, வீட்டுக்காரர் விடமாட்டார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய நினைவு. இதில் எதையும் போனில் சொல்ல மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை கூப்பிடுங்கள். மூன்றாவது தடவை வேறு ஒருவர் கூப்பிடட்டும். அதோடு விட்டுவிடலாம்.

குரூப்

காலை வணக்கப் படம், கட்சி, சாதித் தலைவர் போஸ்டர், ஃபார்வர்டு வைத்தியம், இந்த நான்கும் கூடாது என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். முதல் மூன்று கட்டுப்படும். வைத்தியம் கட்டுப்படாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை, சாதியைக் காரணமாக வைத்துக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் குரூப்பில் இரண்டு நாள் ஒரு மெசேஜும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைப் பக்கம் யார் யார் தள்ளி நின்றார்கள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒருவன் "அடுத்த தடவை பந்தியில யாரும் சேக்காளிப் பக்கத்துல உக்காராதீங்க, சீட்டுக் குலுக்கிப் போடுவோம்" என்று மட்டும் எழுதினான். அது முதல் அப்படித்தான் உட்காருகிறோம். செய்து பாருங்கள்.

பிறந்தநாள் வாழ்த்து வேண்டுமானால் உண்மையான தேதியைக் கேட்டு வாங்குங்கள். சர்ட்டிபிகேட்டை நம்பினால் செட்டில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பார்கள். கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டதா என்று பார்த்துவிட்டு ஒன்றாம் வகுப்பு சார் போட்ட தேதி அது.

நாள் குறிப்பது

வெளிநாட்டுக்காரர்கள் டிசம்பர் என்பார்கள். வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அந்த மாதம் கடைசியில் பாளையங்கோட்டையில் மண்டபம் பிடித்திருந்த வேறொரு செட்டு எல்லாவற்றையும் ரத்து செய்தது. பொங்கலில் வீட்டை விட்டு நகர முடியாது. மே மாதம் வெயில் என்றாலும் பிள்ளைகளுக்கு லீவு.

எங்களுக்குக் கை கொடுத்தது பங்குனி உத்திரம். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமைக்காரன் எங்கே இருந்தாலும் குடும்பத்துச் சாஸ்தா கோயிலுக்கு வந்தாக வேண்டும். டிக்கெட்டுக்குத் தனியாகக் கெஞ்ச வேண்டாம், ஆள் ஏற்கெனவே ஊரில் இருப்பார். உத்திரத்துக்கு மறுநாளோ அடுத்த ஞாயிறோ வையுங்கள். ஒரே இடைஞ்சல், அது பரீட்சைக் காலம். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது சந்தேகம். பாபநாசம் பக்கம் யோசித்தால், காரையாறு சொரிமுத்தையனார் கோயில் ஆடி அமாவாசைக் கூட்டத்தை ஒட்டி வைக்காதீர்கள், வண்டி நகராது.

தேதியை மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸிலும் பொதிகையிலும் விசேஷ நாட்களை ஒட்டி இடம் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

இடம்

சாத்தியமானால் பள்ளிக்கூடமே. வேப்பமரமும் பழைய பெஞ்சும் பாதி வேலையைச் செய்துவிடும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி, உதவி பெறும் பள்ளி என்றால் நிர்வாகத்திடமும்.

குற்றாலத்தில் மட்டும் முதல் சந்திப்பை வைக்காதீர்கள். சீசனில் அறை வாடகை ஒரு பக்கம். தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், வந்தவர்கள் அருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதைவிடப் பெரிய விஷயம், ஆண்களில் பாதி எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்விடுவார்கள், கால்வாசி பாட்டிலோடு அறைக்குள் போய்விடுவார்கள், பெண்கள் வேனில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சந்திப்பில் குடி கிடையாது என்று அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். முறைக்கிறவன் முறைக்கட்டும்.

பணம்

தலைக்கு இவ்வளவு என்று போட்டால் அந்தத் தொகை இல்லாதவர் வரமாட்டார். இரண்டு பேரைப் பொருளாளராக வையுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முடிந்ததை அவர்களிடம் மட்டும் கொடுக்க வேண்டும். சந்திப்பு முடிந்த பிறகு குரூப்பில் மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி, இந்த மூன்று வரிதான். யார் எவ்வளவு என்ற பட்டியல் வெளியே வரக் கூடாது. அதைப் போடாவிட்டால் கோபித்துக்கொள்கிற இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் கொடுத்த பணத்துக்கு ஒரு நன்றி போன் போதும்.

மீதிப் பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்க நினைத்தால், அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியாகக் கொடுக்கலாம். மின்விசிறியில் உபயதாரர் பெயரை எழுதிச் சுழலவிடும் வழக்கம் நம்மோடு முடியட்டும்.

சாப்பாடு

அதிகம் யோசிக்க வேண்டாம். இலை போட்டுச் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல், அவியல், கூட, சர்க்கரைக்காரர்களை உத்தேசித்து அளவாக அல்வா. சமையல்காரரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பந்தி எத்தனை மணிக்கு? தேங்காய்ப் பாலில் செய்கிற சொதி, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கிய பிறகு மூன்று மணி வரை காத்திருக்காது. மறுபடி கொதிக்க வைத்தால் திரிந்துவிடும். எங்கள் மேடைப் பேச்சுகளை ஒரு மணிக்கு நிறுத்த வைத்தது எந்தத் தலைவரும் இல்லை, சொதிதான்.

அன்றைக்கு, வாசலில்

கல்யாண வீடு மாதிரி சந்தனம், குங்குமம், பூ என்று தட்டு வைத்திருந்தோம். எங்களில் ஆறு பெண்களுக்குக் கணவர் இல்லை. அதில் ஒருத்தி பூத்தட்டைப் பார்த்ததும் செருப்பு வார் சரியில்லாதது போலக் குனிந்துகொண்டாள், தட்டுக்காரி அடுத்தவரிடம் நகரும் வரை நிமிரவில்லை. அதற்கப்புறம் வாசலில் கற்கண்டு மட்டும்தான்.

பெயர் அட்டை கட்டாயம். பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்; ஐம்பது தாண்டிய கண்கள். வேலை, பட்டம், கம்பெனி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் போட்டோவில் இருந்து அந்தக் காலத்து முகத்தை வெட்டி அட்டையில் ஒட்டினால், கூச்சமெல்லாம் முதல் அரைமணியில் போய்விடும்.

மைக் அறிமுகம் வேண்டாம் என்பது என் முடிவான அபிப்பிராயம். வேண்டும் என்று அடம்பிடித்தால் கேள்வியை மாற்றுங்கள்: "பள்ளிக்கூடத்துல எதுக்கு அடி வாங்கினே?" இதற்கு எல்லாரிடமும் பதில் உண்டு. கலெக்டர் ஆனவனுக்கும் உண்டு.

இறந்தவர்களின் பெயரை வாசித்து ஒரு நிமிஷம் நிற்பது நல்லது. வாசிப்பதற்கு முன் வீட்டில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் இரண்டாவது சந்திப்பில் அஞ்சலியில் பெயர் வந்த ஒருவர் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். விஷயம் தெரிந்ததும், "ஏலே, எனக்கு எள்ளும் தண்ணியும் எறச்சாச்சா? அப்பம் சாப்பாடாவது போடுங்கலே" என்றார். அவர் சிரித்தார் என்பதால் தப்பினோம்.

சார்வாள்கள், டீச்சர்கள்

எண்பது வயசைத் தாண்டியவர்கள். காரில் போய் அழைத்து வாருங்கள், இரண்டு மணிக்குள் கொண்டுபோய் விடுங்கள். கை வைத்த நாற்காலி, பக்கத்திலேயே நாற்காலி மாதிரி உட்கார்ந்து போகிற கக்கூஸ். இந்த இரண்டும் இல்லாத இடத்துக்கு அவர்களைக் கூப்பிடுவது பாவம். ஆளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி வேர்க்க வைக்காதீர்கள்.

"சார், என்னத் தெரியுதா?" என்று குனிந்து முகத்தைக் காட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம். அறுபது பேர் வரிசையாக அந்தப் பரீட்சையை வைத்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? பெயர், வருஷம், ஊர் மூன்றையும் நீங்களே சொல்லிவிட்டுக் காலைத் தொடுங்கள். எங்கள் கணக்கு சார் என் பெயரைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒங்க அப்பா பைலட்டுப் பேனா வச்சிருப்பாவ. கையெழுத்து நல்லா இருக்கும். ஒனக்குத்தான் கணக்கு வரல" என்றார்.

நீங்கள் போகிறவராக இருந்தால்

நடத்துபவர் வேறு யாரோ என்றால் உங்கள் வேலை கொஞ்சம்தான். பஸ்ஸில் வருபவர்களைக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் உங்கள் பழைய கோஷ்டியிடம் ஓடாமல், தனியாக நிற்பவரிடம் போய்ப் பெயரைச் சொல்லுங்கள். "என்ன இப்பிடி ஆயிட்ட?", "பிள்ளை இல்லையா?", "எவ்வளவு வருது?" இந்த மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மனை, சீட்டு, இன்சூரன்ஸ் விற்க வேண்டுமானால் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் யாரையாவது அழ வைத்திருந்தால் மன்னிப்பைத் தனியாக, இரண்டே வாக்கியத்தில் கேளுங்கள். மேடையில் கேட்டால் அவருக்கு இரண்டாவது அவமானம். ஒருகாலத்தில் மனதுக்குள் வைத்திருந்தவரைப் பார்க்க நேர்ந்தால் அவருடைய பிள்ளைகளைப் பற்றி விசாரியுங்கள், போதும். நண்பர்கள் மைக்கில் கிண்டல் செய்தால் தடுக்க வேண்டியது நீங்கள்தான்.

அடுத்த பத்து நாள்

போட்டோக்களைக் குரூப்பில் கொட்டிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சாதா போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால், குரூப்பில் அறிவிக்கும் முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். பொருளாளர்கள் தனித்தனியாகப் போன் செய்து திரட்டினால் அவருக்கும் கௌரவம்.

மஞ்சப் பைக்காரன் இரண்டாவது சந்திப்புக்கும் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தான். இப்போது அந்த 80 பக்க நோட்டு அவனிடம்தான் இருக்கிறது, ஆள் தேடுவதில் எங்கள் யாரைவிடவும் கெட்டிக்காரன். ஒன்பது பெயருக்கு எதிரில் இன்னும் டிக் விழவில்லை. அதில் ஒருத்தி பத்தமடையில், பாய் நெய்கிற ஒரு வீட்டில் இருப்பதாகப் போன வாரம் தகவல் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறோம், எங்களோடு படித்த ஒரு டீச்சரம்மாவையும் கூட்டிக்கொண்டு.